பைலட் படிப்புக்குப் பணம் கட்டுமுன் ஒருமுறை ஹெங்கருக்குள் போய்விட்டு வாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து பைலட் படிக்கப் போகிறேன் என்று கிளம்பும் பிள்ளைகள் இப்போது கூடியிருக்கிறார்கள். நல்ல விஷயம். அப்பா அம்மாவின் ஈபிஎஃப் காசு, கட்டாரில் இருக்கும் அண்ணன் அனுப்பியது, ஈடு வைத்த நகை என்று எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பணம் வருகிறது. ரத்மலானையில் விமானம் பழுது பார்க்கும் வேலையில் நெடுநாள் இருந்தவன் என்பதால் ஊரில் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விதான்: "ஃபீஸ் எவ்வளவு வரும் அண்ணே?", "வேலை கிடைக்குமா?" பிள்ளை ஏறப்போகும் விமானம் எப்படிப்பட்டது, அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும் நாளில் என்ன பார்ப்பது, எதைக் கேட்பது, எந்தப் பதிலுக்குத் திரும்பி வந்துவிடுவது என்று இங்கே எழுதி வைக்கிறேன். இதற்கு எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை. கண்ணும், கேட்பதற்குக் கொஞ்சம் தைரியமும் போதும்.

முதலில் கடதாசி வேலை. இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இலங்கையில் விமானப் பயிற்சி கொடுக்க சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும். 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. பள்ளிச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும் சான்றிதழில் மூன்று விஷயம் பாருங்கள்: காலாவதித் திகதி, எந்தப் பயிற்சிக்கு அனுமதி, எந்த விமானங்களில் அனுமதி. தனியார் விமானி உரிமத்துக்கு மட்டும் அனுமதி வைத்துக்கொண்டு வர்த்தக விமானி உரிமத்துக்கும் காசு வாங்குகிறார்களா என்பது இதில் தெரிந்துவிடும். "வெளிநாட்டுப் பள்ளியோடு இணைந்தது" என்ற வாசகத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. இங்கே ஓடும் விமானத்துக்கு இங்கே யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

அப்புறம், பணத்துக்கு முன்னால் மருத்துவச் சோதனை. வர்த்தக உரிமத்துக்கு முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். நிறப்பார்வையில் குறை இருப்பது பாதிப் படிப்பில் தெரியவந்தால் பணமும் போகும், பிள்ளையின் மனமும் உடையும். முதலில் டொக்டர், பிறகு பள்ளி.

சரி, இனி ஹெங்கர், அதாவது விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகை. அலுவலகத்தில் தேநீர் கொடுத்து, திரையில் படம் காட்டி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். "விமானத்தை நேரில் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல பள்ளியில் பாதுகாப்பு ஜாக்கெட் ஒன்றைப் போடச் சொல்லி, ஒருவர் கூடவே வந்து காட்டுவார். ஜாக்கெட்டும் இல்லாமல், துணைக்கு ஆளும் இல்லாமல் "போய்ப் பாருங்கள்" என்று விட்டாலும் எனக்குப் பிடிக்காது. ப்ரொப்பெல்லர் இருக்கும் இடம் அது. நின்றிருக்கும் ப்ரொப்பெல்லரையும் கையால் தொடக்கூடாது. மெக்னீட்டோவில் (எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கருவி, இரண்டு இருக்கும்) ஒரு வயர் விட்டிருந்தால், சுவிட்ச் ஓஃப் செய்திருந்தாலும் கை பட்டுத் திரும்பும்போது எஞ்சின் ஒருமுறை பற்றிவிடும். வந்தவர்களை அதன் பக்கத்தில் நிறுத்தி செல்ஃபி எடுக்க விடும் பள்ளியைப் பற்றி என் அபிப்பிராயம் நல்லதாக இருக்காது.

பயிற்சி விமானம் பழசாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உலகம் முழுக்கப் பயிற்சிக்கு ஓடும் செஸ்னா 152, 1977 முதல் 1985 வரை மட்டுமே தயாரானது. ஆக, எங்கே பார்த்தாலும் அது நாற்பது வயதுக்காரன்தான். பெயின்ட் பளபளப்பதால் பாதுகாப்பு கூடிவிடாது, மங்கியிருப்பதால் குறைந்துவிடாது. வயதைவிட அதை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம், அது எழுதப்பட்டிருக்கும் இடம் டெக் லொக்.

டெக் லொக் என்பது ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள கொப்பி. பறந்துவிட்டு வந்த விமானி, தான் கண்ட குறையை அதில் எழுத வேண்டும். ஹெங்கரில் இதை ஸ்னாக் என்போம். எஞ்சினியர் அதைப் பார்த்து, என்ன செய்தார் என்று கீழே எழுதி, தன் உரிம இலக்கத்தோடு கையெழுத்து வைப்பார். அந்தக் கையெழுத்து விழும்வரை விமானம் நகரக்கூடாது. சின்னக் குறையைத் தள்ளிப்போட விதிமுறை இடம் கொடுத்தால், எந்தத் திகதிவரை என்பதும் அங்கேயே இருக்கும். கொப்பியைக் கையில் தர வேண்டியதில்லை, கடைசிச் சில பக்கங்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

காட்டினால் என்ன தேடுவது? நிறையக் குறைகள் எழுதியிருப்பதைத் தேடுங்கள். ஆமாம், நிறைய. "இடது பிரேக் மெது", "இரண்டாவது ரேடியோ இரைச்சல்", "மூக்குச் சக்கரம் அதிர்கிறது", "வலது மெக்னீட்டோ சோதனையில் 150 ஆர்பிஎம் விழுந்தது" என்று மாணவர்களின் கோணல்மாணல் கையெழுத்தில் இருக்க வேண்டும். செஸ்னா 152இல் ஒரு மெக்னீட்டோவில் மட்டும் ஓட்டிப் பார்க்கும்போது, எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, அதாவது ஆர்பிஎம், 125க்கு மேல் விழக்கூடாது. 150 விழுந்ததை ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால், அவர் ஓடுபாதை முனைவரை போய், பறக்காமல் திரும்பி வந்திருக்கிறார். அந்தப் பள்ளியில் அப்படித் திரும்பி வரலாம் என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி. பக்கத்துக்குப் பக்கம் "குறை இல்லை, குறை இல்லை" என்று ஒரே பேனாவில் இருந்தால் கவனம். தோட்டத்து டிஸ்பென்சரிப் பதிவில் ஒரு மாதம் நோயாளியே இல்லையென்றால் தோட்டமே ஆரோக்கியமாகிவிட்டது என்றா நினைப்போம்? டிஸ்பென்சரியைத் திறக்கவில்லை என்றுதான் நினைப்போம். ஓர் இடத்தில் இப்படித்தான் கொப்பி சுத்தமாக இருக்கும், குறைகள் எல்லாம் துண்டுக் கடதாசியில் மெக்கானிக் சட்டைப் பைக்குள் இருக்கும். பெயர் வேண்டாம். வேலை முடிந்ததும் கடதாசி குப்பைக்குப் போகும். அதே குறை மூன்றாம் தடவை வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

அதே இடத்தில் எஞ்சின் மணிக் கணக்கையும் கேளுங்கள். சிறிய லைகாமிங் எஞ்சின்களில் பலவற்றுக்கு, சுமார் 2000 மணி ஓடினால் அல்லது 12 வருடமானால் முழுமையாகப் பிரித்துப் பழுது பார்க்கச் சொல்லித் தயாரிப்பாளர் எல்லை வைத்திருக்கிறார். பயிற்சி விமானங்களுக்குப் பொதுவாக 50 மணிக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவார்கள், 100 மணிக்கு ஒருமுறை பெரிய சோதனை நடக்கும். அடுத்த சோதனைக்கு இன்னும் எத்தனை மணி என்று அங்கே வேலை செய்பவருக்கு உடனே சொல்லத் தெரிய வேண்டும். சுவரில் ஒரு பலகையில் எழுதியே வைத்திருப்பார்கள். பலகை இல்லையென்றாலும் பரவாயில்லை, பதில் இல்லையென்றால்தான் பிரச்சினை.

விமானத்துக்குள் பார்க்க ஒன்றைச் சொல்கிறேன், இதைப் பார்க்காமல் வராதீர்கள். செஸ்னாவின் இருக்கை இரண்டு தண்டவாளங்களின் மேல் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். இருக்கைக்குக் கீழே ஒரு பின் அந்தத் துளைக்குள் இறங்கிப் பூட்டும். வருடக்கணக்கில் தேய்ந்து துளை வட்டம் போய் நீள்வட்டமாகிவிடும், பின்னின் முனையும் மழுங்கிவிடும். கையில் தள்ளினால் பூட்டியது போலவே இருக்கும். ஆனால் விமானம் மேலே கிளம்பி மூக்கு உயரும் நொடியில் பின் கழன்று, இருக்கை விமானியோடு பின்னால் ஓடும். பிடித்துக்கொள்ள அவர் கையில் இருப்பது கட்டுப்பாட்டுக் கைப்பிடி ஒன்றுதான். அதை இழுத்தால் மூக்கு இன்னும் மேலே போகும், வேகம் விழும், தரைக்குச் சில நூறு அடி மேலே விமானம் தன் தாங்கு சக்தியை இழக்கும். இப்படி நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் அமெரிக்காவின் விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்ஏஏ 1987இல் இந்தத் தண்டவாளங்களைக் குறித்த கால இடைவெளியில் அளந்து பார்க்கச் சொல்லி உத்தரவு போட்டது. பிள்ளையை இருக்கையில் உட்கார வைத்து, பூட்டிய பிறகு உடம்பால் முன்னும் பின்னும் பலமாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துளைகளின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். காட்டுபவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

எரிபொருளும் பாருங்கள். இந்த விமானங்களுக்கு ஊற்றும் அவ்காஸ் 100 எல்எல் நீல நிறம். ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்னும், எரிபொருள் நிரப்பிய பின்னும், இறக்கையின் அடியில் உள்ள வடிகாலிலிருந்து கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் நிறமில்லாமல் அடியில் தங்கும், நீலம் மேலே நிற்கும். மழைக் காலத்தில் வெளியே நின்ற விமானத்தின் மூடி ரப்பர் தேய்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போவது சர்வசாதாரணம். பிடித்ததை மாணவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிறானா, பார்க்காமலே ஊற்றிவிடுகிறானா? அளவையும் முள்ளைப் பார்த்து நம்பக் கூடாது, அளவுகோல் குச்சியைத் தாங்கிக்குள் விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எடைக் கணக்கைப் பிள்ளையை விட்டே போடச் சொல்லுங்கள். செஸ்னா 152 மேலெழும்போது இருக்கக்கூடிய மொத்த எடை 757 கிலோ. ரேடியோ அது இது சேர்ந்து வெறும் விமானமே 520 கிலோவைத் தொட்டால், முழுத் தாங்கி எரிபொருள் 67 கிலோ போக, இரண்டு பேருக்கும் பைக்கும் சேர்த்து 170 கிலோதான் மிச்சம். 95 கிலோ இன்ஸ்ட்ரக்டரும் 80 கிலோ மாணவனும் முழுத் தாங்கியோடு பறக்க முடியாது. "அதெல்லாம் போகும்" என்று ஒரு பதில் வரும். போகும்தான், ஓடுபாதை நீளமாக இருப்பதால். எஞ்சின் நின்ற நாளில் அந்தக் கூடுதல் எடைக்குக் கணக்குக் கேட்கும்.

இன்ஸ்ட்ரக்டரிடம் நேரில் பேசாமல் வராதீர்கள். எத்தனை மணி பறந்தவர் என்பதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை மாணவர்களோடு பறக்கிறார், எப்போது சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். மணிக் கணக்குச் சேர்க்க வந்து, விமானக் கம்பனியில் இடம் கிடைத்ததும் போய்விடும் இளைஞர்கள்தான் பல பள்ளிகளில் கற்பிக்கிறார்கள். அதில் குற்றமில்லை. அவர்களுக்கு மேலே ஒரு மூத்தவர் இருந்து, மாணவனைத் தனியாக அனுப்பும் முன் தானே ஒருமுறை கூடப் பறந்து பார்க்கிறாரா என்பதுதான் முக்கியம். கட்டுப்பாடு கை மாறும் முறையையும் கேளுங்கள். "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் பிடித்திருக்கிறார் என்று இவரும், இவர் பிடித்திருக்கிறார் என்று அவரும் நினைத்து விழுந்த விமானங்கள் உண்டு.

தரையிறங்கத் திரும்பும் கடைசித் திருப்பத்தைப் பற்றியும் ஒரு கேள்வி போடுங்கள். பயிற்சி விமான விபத்துகளில் அதிகம் நடப்பது தரையிறங்கும்போது, அவற்றில் பெரும்பாலும் சக்கரம், ப்ரொப்பெல்லரோடு போய்விடும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் தாழ்வில் தாங்கு சக்தி போவதுதான். ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிட்ட மாணவன் திரும்பப் பிடிக்க விமானத்தை அதிகம் சரிப்பான். 45 பாகை சரித்தால் தாங்கு சக்தி இழக்கும் வேகம் 19 சதவீதம் கூடும், 60 பாகையில் 41 சதவீதம். அங்கே தவறினால் மீட்க உயரம் கிடையாது. "கோட்டைத் தாண்டிவிட்டால் உங்கள் மாணவன் என்ன செய்வான்?" என்று கேளுங்கள். "மேலே ஏறி மறுபடி சுற்றி வருவான், அதற்கு நாங்கள் திட்டுவதில்லை" என்பது சரியான பதில்.

இனி மலை. ரத்மலானையில் படிக்கும் பிள்ளைக்கு நம்ம ஊர் மேலே பறந்து லயத்து ஆட்களுக்குக் கைகாட்ட வேண்டும் என்று ஆசை வரும். வராமல் இருக்காது. இந்த ஆசையைப் பற்றிப் பள்ளியிடமும் பேசுங்கள், பிள்ளையிடமும் பேசுங்கள். வீட்டைக் காட்டத் தாழப் பறந்து விழுவது உலகம் முழுக்க நடக்கும் விபத்து, மலையில் அது இன்னும் மோசம். செஸ்னா 152 கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 715 அடி ஏறும். 6000 அடியில் அது 400 சொச்சமாகிவிடும். அதே நிமிடத்தில் விமானம் முன்னால் 6000 அடிக்கு மேல் போயிருக்கும். மஸ்கெலியாப் பள்ளத்தாக்கில் நின்று மலையைப் பாருங்கள், 6000 அடி தூரத்துக்குள் சரிவு எவ்வளவு ஏறுகிறது என்று. விமானத்தைவிட மலை வேகமாக ஏறும். குறுகிய பள்ளத்தாக்கில் திரும்ப இடமும் இருக்காது.

வெப்பமும் சேரும். 6128 அடி உயரத்து நுவரெலியாவில் வெயில் 20 பாகை இருந்தால், காற்று மெலிந்து, எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 8200 அடி போல இருக்கும். கிட்டத்தட்ட பிதுருதலாகல உச்சி. நமக்குக் குளிராக இருக்கிறதே என்பதால் விமானத்துக்குச் சுகம் என்று எண்ண வேண்டாம். ஈரக் காற்றில் கார்பரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும். வெளியே 20 பாகைக்கு மேல் இருந்தாலும் பிடிக்கும், அதுவும் எஞ்சினைத் தணித்து இறங்கும்போது. அதைக் கரைக்கச் சூடான காற்றை உள்ளே விடுவதுதான் கார்ப் ஹீட். "கார்ப் ஹீட் எப்போது போடுவாய்?" என்ற கேள்விக்கு நம்ம பிள்ளை தூக்கத்திலும் பதில் சொல்ல வேண்டும்.

பனிமூட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மேகத்தைக் கண்டால் பயம் வருவதில்லை, அதுதான் எனக்குக் கவலை. கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத விமானி மேகத்துக்குள் போனால் எவ்வளவு நேரம் தாக்குப் பிடிப்பார் என்று 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்துப் பார்த்தார்கள். சராசரி 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை, அந்தச் சோதனையில் ஒருவரால்கூட விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியவில்லை. அனுபவம் உள்ளவர்களையும் மலை விட்டுவிடுவதில்லை. 2020 ஜனவரி 3ஆம் திகதி வீரவிலயிலிருந்து வந்த விமானப்படையின் வை-12 விமானம் ஹப்புத்தளையில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் பயணிகளோடு கட்டுநாயக்கவில் இறங்க வந்த மார்ட்டின் எயார் டிசி-8, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் போனார்கள். எங்கே இருக்கிறோம் என்று தவறாகக் கணித்து முன்கூட்டியே தாழ இறங்கியதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. அது நான்கு எஞ்சின் ஜெட். நம்ம பிள்ளை ஓட்டப்போவது 110 குதிரைத்திறன்.

ஆகவே பள்ளியிடம் கேளுங்கள்: தனியாகப் பறக்கும் மாணவன் மலைப்பக்கம் எங்கே வரைதான் போகலாம் என்று எழுத்தில் இருக்கிறதா? தென்மேற்குப் பருவத்திலும், ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பின்னேர இடிமழை வரும் நாட்களிலும் நீண்டதூரப் பறப்பை எத்தனை மணியோடு நிறுத்துகிறார்கள்? கடைசியாக வானிலை பார்த்து இரத்து செய்த பறப்பு எது? நேற்று, போன வாரம் என்று சட்டென்று சொன்னால் நல்லது. யோசித்தால் நல்லதல்ல. இரத்து செய்தால் யார் காசு போகிறது என்று அடுத்ததாகக் கேளுங்கள். காலையில் எழுந்து "சேர், தலை சுற்றுகிறது, இன்றைக்குப் பறக்கவில்லை" என்று சொல்லும் மாணவனிடம் தண்டம் வாங்கும் பள்ளியில் காய்ச்சலோடு பறப்பார்கள்.

"உங்கள் பள்ளியில் விபத்து நடந்திருக்கிறதா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். நடந்ததே இல்லை என்பதைவிட, இது நடந்தது, இதற்குப் பிறகு இதை மாற்றினோம் என்ற பதிலுக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன். சர்வதேச விதிப்படி விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொன்று நடக்காமல் தடுப்பது, ஆளைக் குற்றவாளியாக்குவதல்ல. "அது பொடியனின் பிழை" என்று சொல்லிக் கதையை மூடுகிறவர்கள் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. செய்தியில் வரும் "எஞ்சின் கோளாறு" என்ற ஒற்றைச் சொல்லையும் அன்றைக்கே நம்ப வேண்டாம்.

பணத்தை ஒரேயடியாகக் கட்டாதீர்கள். மணிக்கணக்குக்கு ஏற்ப, கொஞ்சம் கொஞ்சமாக. மொத்தக் காசையும் கட்டிவிட்ட வீட்டுப் பிள்ளைக்கு "இந்த விமானம் சரியில்லை" என்று சொல்ல வாய் வராது.

சேர்ந்த பிறகு பிள்ளை கவனிக்க வேண்டியது ஒன்று. ஞாயிறு இரவு மெயில் ரயிலிலோ பஸ்ஸிலோ இரவு முழுக்க வளைவுகளில் ஆடிக்கொண்டு கொழும்புக்கு இறங்கி, திங்கள் காலை முதல் பறப்புக்கு நிற்பது நம்ம மலைநாட்டுப் பிள்ளைகளின் வழக்கம். அந்தக் காலை பறக்கக் கூடாது. ஞாயிறு பகலிலேயே இறங்கிவிட வேண்டும், முடியாவிட்டால் முதல் பறப்பைச் செவ்வாய்க்குப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கடைசியாகக் காப்புறுதி. விமானத்துக்கு இருக்கிறது என்பார்கள். மாணவனுக்கு இருக்கிறதா, தனியாகப் பறக்கும்போதும் செல்லுமா, எந்தத் திகதிவரை என்று பத்திரத்தையே காட்டச் சொல்லி ஒரு பிரதி வாங்குங்கள். "அது பெரிய ஒஃபிஸில் இருக்கிறது" என்றால், அது வந்த பிறகு நாங்களும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.